கிச்சன் வேஸ்ட் கேஸ் டேங்க் வாங்கப் போறீங்களா, வெல்லம் ஊத்தச் சொன்னா உஷார்

காட்பாடியில சின்னதா மெஸ் வச்சிருக்கேன். மீந்த சோறு, ரசம், காய் தோலுன்னு தினம் 10 கிலோவாவது குப்பைக்குப் போகும். சிலிண்டர் விலைக்குப் பயந்துதான் ஒருத்தர் கிட்ட 34 ஆயிரம் குடுத்து 1 கன மீட்டர் டேங்க் போட்டேன். பேர் சொல்ல மாட்டேன், வம்பு வேணாம்.

"சாணியெல்லாம் அந்தக் காலம் சார், நம்ம பவுடரைத் தூவிட்டு முதல் நாள்ல இருந்தே ஃபுல்லா கொட்டுங்க, ஒரே வாரத்துல எரியும்"னாரு. கொட்டினேன். நாலாம் நாளே மேல டிரம் எழும்பிடுச்சு, போன் பண்ணா "பாத்தீங்களா கேஸ்"னு ஒரே பெருமை. ஆனா அடுப்புல தீக்குச்சி காட்டினா புஸ்ஸுனு குச்சியே அணைஞ்சிடும், அரை பெட்டி காலி. அவுட்லெட்ல வினிகரும் வாந்தியும் கலந்த நாத்தம், பக்கத்து வீட்டு அக்கா "இன்னாண்ணா, உள்ள எலி கிலி செத்துட்சா"ன்னு கேட்டுச்சு.

திரும்ப வந்தவரு 1,800 ரூபாய்க்கு ரெண்டு பாட்டில் 'கல்ச்சர்', அதாவது பாக்டீரியா தண்ணின்னு வித்துட்டு, "பாக்டீரியாவுக்குப் பசி சார், 2 கிலோ வெல்லம் கரைச்சு ஊத்துங்க"ன்னாரு. அதையும் ஊத்தினேன் பாருங்க, என்னைச் சொல்லணும். அதோட டிரம் எழும்புறதும் நின்னுது.

ஒடுகத்தூர் மாமா 80கள்ல கோபர் கேஸ் ஓட்டினவரு. வந்து மோந்து பாத்துட்டு, "டேய், இது மாவு புளிச்ச மாதிரி புளிச்சுப் போச்சுடா"ன்னாரு. அதுதான் மேட்டரே. உள்ள ரெண்டு பாக்டீரியா கூட்டம் வேலை செய்யுது, ஒண்ணு சாப்பாட்டை ஆசிடா மாத்தும், இட்லி மாவு கணக்கா மடமடன்னு, நம்ம வேலூர் வெயிலுக்குக் கேக்கவே வேணாம். இன்னொண்ணு அந்த ஆசிடைத் தின்னு மீத்தேன் விடும், அதுதான் எரியற கேஸ், இது மெதுவாத்தான் பெருகும், சாணியிலதான் இது நிறைய இருக்கு. பிஎச்னா புளிப்பு அளவு, நம்பர் குறைஞ்சா புளிப்பு ஜாஸ்தி; அது 7 பக்கம் இருந்தாத்தான் இதுக்கு ஒத்துக்கும், 6.5க்குக் கீழ போனா சுணங்கிடும், தின்ன ஆள் இல்லாம ஆசிட் இன்னும் சேரும், இன்னும் இறங்கும். அதுல போய் வெல்லம்! டிரம்மைத் தூக்கினது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு, அது எங்க எரியும்.

பிஎச் பேப்பர் வாங்கி நனைச்சேன், பச்சைன்னா 7, சிவக்கச் சிவக்க ஆசிட் ஜாஸ்தி. வந்தது ஆரஞ்சு கலர், 5 கிட்ட. தீனியை நிறுத்திட்டு, பாதித் தண்ணியை வெளியேத்தி, புதுச் சாணியும் தண்ணியும் சரிக்குச் சரி கரைச்சு ஊத்தி, ஆப்ப சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமா போட்டு தினம் பேப்பர்ல பாத்துகினே வந்தேன். மூணு வாரம் ஆச்சு பச்சை காட்ட. அப்புறம் ஒரு கிலோல ஆரம்பிச்சு இப்ப நாலு கிலோ போடறேன், காலையில டீ அதுலதான். எலுமிச்சைத் தோல், புளிச்ச மோர் மட்டும் கிட்டயே விடறதில்ல.

சாணி வேணாம்னு சொல்றவங்க கிட்ட டேங்க் வாங்காதீங்க, பில் இல்லாம காசு குடுக்காதீங்க, என் பில் இன்னிக்கு வரைக்கும் வரல. ரெண்டாவது பாட்டில் பிரிக்காம கிடந்துது, சும்மா அதுலயும் ஒரு பேப்பரை நனைச்சுப் பாத்தேன். டேங்க்ல பாத்த ஆரஞ்சை விட சிவப்பா இருந்துது.