சிவந்த கன்வெர்ட்டர்: உடைப்பதா, மாற்றுவதா, முதலில் காயிலைப் பார்ப்பதா?

சேலத்திலிருந்து தருமபுரி போகும் வழியில் தொப்பூர் ஏற்றம். இரவு ஒன்பது மணி இருக்கும். 2017-இல் வாங்கிய பிஎஸ்-4 (பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகை விதிக்கு உட்பட்ட) பெட்ரோல் கார், எவ்வளவு மிதித்தும் இழுக்கவில்லை. செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னியது. ஓரம் கட்டிக் குனிந்து பார்த்தால், இன்ஜினுக்குச் சற்றுப் பின்னால், புகைக்குழாயில் நச்சுப் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் கூடு அடுப்புக்கரி கனிவதுபோலச் சிவந்து கிடந்தது. அதற்குக் கீழே காய்ந்த புல். வண்டியைப் பத்தடி பின்னால் உருட்டித் தார்ப் பரப்பில் நிறுத்திய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மறுநாள் மூன்று ஒர்க்‌ஷாப் ஏறி இறங்கினேன். முதல் இடத்தில், "உள்ள இருக்கிறத உடைச்சு எடுத்துரலாங்க, வண்டி பிச்சுக்கிட்டுப் போகும்" என்றார்கள். இரண்டாமிடத்தில் கம்பெனி உதிரியையே மொத்தமாக மாற்றச் சொன்னார்கள். மூன்றாமிடத்தில், மார்க்கெட்டில் கிடைப்பதை வாங்கி வந்தால் அறுத்து வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்றார்கள். ஏன் சிவந்தது என்று மூவருமே கேட்கவில்லை. நாலாவதாக ஒரு வயதான மெக்கானிக்தான் கேட்டார்: "அத அப்புறம் பாக்கலாங்க. எந்த சிலிண்டர் மிஸ் ஆகுதுன்னு மொதல்ல பாத்தீங்களா?"

அவர் கேள்வி சரியான கேள்வி. கன்வெர்ட்டருக்குள்ளே தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி. அதன் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மெல்லிய பூச்சாக இருக்கும். கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடுகள் மூன்றையும் அது ஒருசேர மாற்றிவிடும். ஏறத்தாழ 250, 300 டிகிரி சூடு ஏறினால்தான் வேலையைத் தொடங்கும். ஓட்டத்தில் 400 முதல் 800 டிகிரி வரை இருப்பது இயல்பு. ஆக, சூடு அதற்குப் பகையில்லை. ஒரு சிலிண்டரில் தீப்பொறி விழாமல் போனால்தான் வினை; அவர் 'மிஸ்' என்றது அதைத்தான். எரியாத பெட்ரோலும் செலவாகாத ஆக்சிஜனும் சேர்ந்தே வெளியே வந்து, இன்ஜினுக்குள் எரிய வேண்டியது கன்வெர்ட்டருக்குள் எரிகிறது. இருட்டில் இரும்பு மங்கலாகச் சிவந்து தெரிய 500 டிகிரிக்கு மேல் போக வேண்டும். வெளிக்கூடே அப்படியென்றால் உள்ளே பீங்கான் எந்தப் பாடுபட்டிருக்கும் என்று பாருங்கள். செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரியாமல் மின்னுவதும் இதற்கான எச்சரிக்கைதான். கன்வெர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்கு மிஸ் ஆகிறது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடு என்று பொருள். நான் அதைப் பார்த்துக்கொண்டே ஏற்றம் ஏறியிருக்கிறேன்.

நோயைக் கண்டுபிடிக்கக் கைவசம் மூன்று கருவிகள் உண்டு. எனக்கு மூன்றையும் போட்டுப் பார்த்தார்கள். முதலில் ஸ்கேனர். வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறு எண்களைப் படித்துக் காட்டும். பி0303 என்றால் மூன்றாவது சிலிண்டர் மிஸ், பி0420 என்றால் கன்வெர்ட்டரின் திறன் குறைவு. என் வண்டியில் இரண்டுமே இருந்தன. பி0420 மட்டும் கண்ணில் பட்டால் உடனே கன்வெர்ட்டரை மாற்றச் சொல்லிவிடுவார்கள். அந்த எண் விளைவைச் சொல்கிறதே தவிர காரணத்தைச் சொல்வதில்லை. கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் உள்ள ஆக்சிஜன் சென்சார்களின் வோல்டேஜை ஸ்கேனரில் சேர்த்துப் பார்ப்பது பலன் தரும். முன்னால் உள்ளது 0.1-க்கும் 0.9-க்கும் இடையே துள்ளிக்கொண்டிருக்க, பின்னால் உள்ளது ஏறக்குறைய அசையாமல் இருந்தால் கன்வெர்ட்டர் உயிரோடு இருக்கிறது. இரண்டும் சேர்ந்து துள்ளினால் முடிந்தது கதை.

அடுத்தது, தொடாமலே சூட்டை அளக்கும் வெப்பத் துப்பாக்கி. விலை குறைவு, ஐந்து நிமிட வேலை. வண்டியைச் சூடாக்கி, 2,500 ஆர்பிஎம்மில் இரண்டு நிமிடம் ரேஸ் பிடித்து, கன்வெர்ட்டரின் நுழைவாயிலிலும் வெளிவாயிலிலும் அளக்க வேண்டும். வெளிவாயில் கொஞ்சம் கூடுதலாகக் காட்டுவது நல்லது. நூறு டிகிரிக்கு மேல் கூடுதல் என்றால் உள்ளே பெட்ரோல் எரிகிறது என்று சந்தேகப்படலாம். ஆனால் இந்தக் கருவியை மட்டும் நம்ப நான் தயாரில்லை. பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் குழாயில் அது உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். துருவேறிய இடமாகப் பார்த்து அளந்தால் பரவாயில்லை.

மூன்றாவது பின்னழுத்த கேஜ், அதாவது புகை வெளியேற முடியாமல் குழாயில் எழும் அழுத்தத்தை அளப்பது. முன் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்த ஓட்டையில் மாட்டுவார்கள். 2,500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐக்கு மேல் காட்டினால் வழி அடைத்திருக்கிறது. துருப்பிடித்த சென்சாரைக் கழற்றுவதே பெரும்பாடு என்பதால் இதைப் பலர் தவிர்க்கிறார்கள். அடைப்பு உண்டா இல்லையா என்று ஊகமில்லாமல் சொல்வது இதுதான். என் வண்டியில் முள் 7-ஐத் தாண்டியது.

ஸ்கேனர் காரணத்தைத் தேட, கேஜ் சேதத்தை உறுதிசெய்ய. இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு கொடுக்க முடியும் என்றால் ஸ்கேனருக்குக் கொடுங்கள். மூன்றாவது சிலிண்டரின் இக்னிஷன் காயிலை, அதாவது பிளக்கில் தீப்பொறி விழ மின்சாரம் தரும் பாகத்தை, கழற்றியபோது அதன் ரப்பர் உறையில் மயிரிழை போல ஒரு வெடிப்பு, ஓரத்தில் கரிக்கோடு. இவ்வளவு பெரிய செலவு அங்கேதான் ஆரம்பித்திருக்கிறது. தேய்ந்த பிளக், ஒழுகும் இன்ஜெக்டர், பின்தங்கிய டைமிங், சரியாக டியூன் செய்யாத எல்பிஜி கிட் எல்லாமே இதே வேலையைச் செய்யும். பலர் யோசிக்காத ஒன்று, இன்ஜினிலிருந்து புகையை வெளியே கொண்டுவரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் சிறு ஓட்டை. அதன் வழியே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டால் சென்சார் அதைப் பெட்ரோல் போதாத கலவை என்று எண்ணிக்கொள்ளும். கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிவிடும்.

இனி அந்த மூன்று யோசனைகள். உடைத்துக் காலி செய்வதுதான் செலவு குறைவு. "பிக்கப் வந்துருச்சு" என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. அடைபட்ட கன்வெர்ட்டரோடு ஒப்பிட்டால் வெறுங்குழாயில் வண்டி பறக்கத்தான் செய்யும். நல்ல கன்வெர்ட்டர் போட்டாலும் அதே பிக்கப் திரும்ப வரும் என்பதை யாரும் சொல்வதில்லை. பின் சென்சார் காட்டிக்கொடுத்துவிடும், அதை ஏமாற்ற இன்னொரு வேலை. பிஎஸ்-4 பெட்ரோல் காருக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம் என்பது புகைச் சோதனை வரம்பு. கன்வெர்ட்டர் இல்லாமல் நேர்மையாக அதைத் தாண்டாமல் இருப்பது கடினம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் அபராதம் 10,000 ரூபாய் வரை போகும். அபராதமே இல்லையென்றாலும் நான் செய்யமாட்டேன். 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டரைக் கட்டாயமாக்கினார்கள். ஈயம் அந்தப் பூச்சைக் கொன்றுவிடும் என்பதால் ஈயமில்லாப் பெட்ரோலையும் கூடவே கொண்டுவந்தார்கள். அவ்வளவு பாடுபட்டு வந்த பொருளை உளியால் தட்டி எடுப்பதைப் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை. சிக்னலில் நம் பின்னால் பைக்கில் குழந்தையோடு நிற்பவர்தான் அந்தப் புகையைச் சுவாசிக்கிறார்.

கெமிக்கல் ஊற்றிக் கழுவுவதைப் பற்றி ஒரே வரி: கரி படிந்திருந்தால் ஓரளவு பலன், பீங்கான் உருகியிருந்தால் வீண்.

மிச்சம் இருப்பது கம்பெனி உதிரியா, வெளி மார்க்கெட்டா என்பது. விலை வித்தியாசம் சில மடங்கு. எடை போட்டுப் பார்த்தாலே காரணம் பாதி புரியும். விலை குறைந்தவற்றில் விலையுயர்ந்த உலோகப் பூச்சு குறைவு, சிலவற்றில் பீங்கான் கட்டியே சின்னது. சில மாதம் அமைதியாக ஓடிவிட்டு பி0420 மறுபடி வந்து நிற்கும். ஐந்து வருஷத்துக்கு மேல் வண்டியை வைத்திருக்கப் போகிறவர் கம்பெனி உதிரிக்கே போகலாம். இரண்டு மூன்று வருஷத்தில் கைமாற்றப் போகும் பழைய வண்டிக்கு, உங்கள் மாடலுக்கென்றே செய்த, பிஎஸ்-4-க்கு என்று எழுதி வாரண்டியோடு வரும் வெளி மார்க்கெட் கன்வெர்ட்டர் போதும். எந்த வண்டிக்கும் பொருந்தும் என்று விற்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். இன்ஜின் ஆயில் குடிக்கிற வண்டி என்றால் எதையும் வாங்காதீர்கள், முதலில் ஆயில் உள்ளே கசிந்து எரிவதை நிறுத்துங்கள். ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் புதுப் பூச்சையும் மூடிவிடும்.

டீசல்காரர்களுக்குக் கணக்கே வேறு. பிஎஸ்-6 டீசல் வண்டியின் டிபிஎஃப் (புகையில் வரும் கரியைப் பிடிக்கும் வடிகட்டி), சேர்ந்த கரியைத் தானே எரிக்கும்போது 600 டிகிரி வரை சூடாகும். ஐடில் கொஞ்சம் ஏறும், ஃபேன் சத்தம் கேட்கும், ஒருவித வாடை வரும். அது கோளாறு கிடையாது. நடுவில் வண்டியை அணைக்காமல் ஹைவேயில் கால்மணி நேரம் ஓட்டி முடிக்கவிடுங்கள்.

நான் கடைசியில் காயில், நாலு பிளக், கம்பெனி கன்வெர்ட்டர் என்ற வரிசையில் மாற்றினேன். காயில் மாற்றி ஒரு வாரம் ஓட்டி, மிஸ் கணக்கு பூஜ்யம் என்று ஸ்கேனர் காட்டிய பிறகே கன்வெர்ட்டருக்குப் பணம் கட்டினேன். பழையதை அறுத்துக் காட்டச் சொன்னேன். தேன்கூட்டின் பாதி உருகி, ஆறிப்போன வெல்லப்பாகு போல இறுகியிருந்தது. பழைய கன்வெர்ட்டரை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு வராதீர்கள். உள்ளே மிச்சமிருக்கும் பிளாட்டினத்துக்காகவும் பல்லேடியத்துக்காகவும் அதற்குத் தனி விலை உண்டு. பில்லில் அதைக் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள், அல்லது கையோடு எடுத்து வந்துவிடுங்கள்.