இரண்டு மாத ரசீதா, 15 நிமிட அளவீடா?

நகராட்சிக் கட்டடங்களின் மின்செலவைக் கண்காணிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கட்டண ரசீதுகளைக் கணினி அட்டவணையில் ஏற்றுவது. மற்றொன்று, 15 நிமிடத்துக்கு ஒருமுறை மின்பயன்பாட்டைத் தானே பதிவுசெய்யும் ஸ்மார்ட் மீட்டர்.

ரசீது வழிக்குப் பெரிய செலவில்லை. தமிழ்நாட்டில் பெரும்பாலான தாழ்வழுத்த (குறைந்த மின்னழுத்த) இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு கணக்கு என்பதால், ஆண்டுக்கு ஓர் இணைப்புக்கு 6 எண்கள்தான். எந்தக் கட்டடம் அதிகம் இழுக்கிறது என்று தெரிந்துவிடும். ஏன் என்று தெரியாது.

தொட்டி நிரம்பிய பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் 5 குதிரைத்திறன் மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். முழுச் சுமையில் இரவு 10 மணி நேரம் ஓடினால் 37 யூனிட்டுக்குக் குறையாது. ரசீதில் அது மற்ற யூனிட்டுகளோடு கரைந்துவிடும். ஸ்மார்ட் மீட்டரின் 15 நிமிட வரைபடத்திலோ, அலுவலகம் பூட்டிய பின்னும் இறங்காமல் விடியும்வரை நீளும் கோடு அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் நாளுக்கு 96 எண்கள் வந்து குவியும். அவற்றைப் பார்க்க ஒருவரைப் பொறுப்பாக்காவிட்டால் மீட்டர் வாங்கிய பணம் வீண்.

என்னைக் கேட்டால், முதலில் ரசீதுகள்தான். எந்த இணைப்பு எண் எந்தக் கட்டடத்துக்கு என்பதே குழப்பமாக இருக்கும் இடத்தில் எந்தக் கருவியும் உதவாது. அது சீரானதும், நீரேற்று அறைக்கும் குளிர்சாதனம் ஓடும் அலுவலகத்துக்கும் மட்டும் ஸ்மார்ட் மீட்டர் போடலாம். இரண்டு மின்விசிறி சுழலும் வார்டு நூலகத்துக்கு ரசீதே போதும்.