டைனோவில் பவர் குறைவா? மறு ஓட்டமா, டேட்டா லாக்கா?

ஸ்போர்ட்ஸ் காரை டைனோவில் (சக்கரங்களை உருளைமேல் ஓடவிட்டுப் பவரை அளக்கும் கருவி) ஏற்றி, எதிர்பார்த்த குதிரைத்திறன் வரவில்லை என்றதும் பலரும் இரண்டு வழிகளுக்கு நடுவில் தவிக்கிறார்கள்: மறுபடி டைனோவில் ஓட்டிப் பார்ப்பதா, இல்லை ஓடும்போது என்ஜின் கம்ப்யூட்டரின் அளவீடுகளைப் பதிவு செய்யும் டேட்டா லாக்கைப் படிப்பதா?

செலவு: மறு ஓட்டத்துக்கு ஒவ்வொரு முறையும் கட்டணம். லாக் கருவியை ஒருமுறை வாங்கினால் போதும்.

சிரமம்: டைனோவில் எல்லாம் அவர்கள் பாடு. லாக்கை நாம்தான் படிக்கப் பழக வேண்டும். முதல் நாள் தலை சுற்றும்.

என்ன தெரியும்: வித்தியாசமே இங்கேதான். மறு ஓட்டம் எண்ணைச் சரிபார்க்கும், காரணத்தைச் சொல்லாது. அதிலும் டைனோ பிராண்டுகளில் மஸ்டாங் பொதுவாக டைனோஜெட்டை விடக் குறைத்தே காட்டும். அப்புறம், டைனோ காட்டுவது சக்கரத்தில் அளந்த எண். கம்பெனி சொல்வது என்ஜினில் அளந்தது, அதனால் அது கூடுதலாகவே இருக்கும். லாக்கோ உள்ளேயே எட்டிப் பார்க்கும். உள்ளிழுக்கும் காற்றின் வெப்பம் ஓட்டத்துக்கு ஓட்டம் ஏறி, கூடவே இக்னிஷன் டைமிங்கும் (ஸ்பார்க் விழும் நேரம்) பின்வாங்கினால், சூட்டின் மேல்தான் முதல் சந்தேகம். மிதியை முழுக்க அழுத்தியும் த்ராட்டில் (காற்றை உள்ளே விடும் வால்வு) பாதியில் நிற்பதுகூடச் சில சமயம் அகப்படும்.

டைனோ வரைந்து தரும் பவர் கர்வ் (வளைகோடு) வழவழப்பாக இருந்து மொத்தமாகத் தாழ்ந்திருந்தால் முதலில் வேறு டைனோ. நடுவில் பள்ளம் விழுந்தாலோ, மேல் ஆர்பிஎம்மில் (என்ஜின் வேகமாகச் சுற்றும்போது) சட்டென்று சரிந்தாலோ யோசிக்கவே வேண்டாம், லாக்தான்.