எட்டு வருடமாகப் பழைய அச்சில்: 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிதை, கடிதம், துண்டுநூல் வாசித்த அனுபவம்

18ஆம் நூற்றாண்டு பிரிட்டனின் கவிதைகள், கடிதங்கள், அரசியல் துண்டுநூல்கள் (பாம்ப்லெட் எனப்படும் சிறு வெளியீடுகள்) மூன்றையும் எட்டு வருடமாக வாசித்து வருகிறேன். கவிதையையும் துண்டுநூலையும் அந்தக் காலத்து அச்சிலேயே, ஸ்கேன் செய்த பிடிஎஃப்பாகத்தான் படிக்கிறேன். பத்து அங்குல டேப்லெட்டில், இரவில் ஒரு மணி நேரம். பெரும்பாலும் இலவச மின்நூலகங்களில் கிடைப்பவைதான். "நல்ல தொகைநூல் ஒன்று வாங்கினால் போதாதா?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நானும் தொகைநூலில்தான் தொடங்கினேன். இப்போது அதை எடுப்பதே அபூர்வம். அதற்கான காரணத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் மாதம் கண்ணுக்குப் பெரும் பாடு. அக்கால அச்சில் எஸ் எழுத்துக்கு இரண்டு வடிவம். சொல்லின் முதலிலும் நடுவிலும் வருவது நீண்ட எஸ். பார்வைக்கு எஃப் போலவே இருக்கும், குறுக்குக்கோடு மட்டும் முழுதாக இருக்காது. 'சேம்' என்ற சொல்லை 'ஃபேம்' என்று வாசித்துவிட்டு, வரி புரியாமல் உட்கார்ந்திருந்திருக்கிறேன். மூன்றாவது வாரத்தில் கண் பழகிவிட்டது. கொம்பு போட்ட பழைய லை, னை அச்சிட்ட தமிழ்ப் புத்தகங்களைப் படித்தவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வசப்படும். 1800 வாக்கில் ஆங்கில அச்சகங்கள் இந்த எழுத்தைக் கைவிட்டுவிட்டன.

கண் பழகினாலும் கணினி பழகுவதில்லை. எழுத்துணரி மென்பொருள் இன்றும் பல கோப்புகளில் நீண்ட எஸ்ஸை எஃப் என்றே பதிவு செய்கிறது. அதனால் எந்தச் சொல்லையும் இரண்டு விதமாகத் தேட வேண்டியிருக்கிறது. அரசியல் துண்டுநூல்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. வழக்குக்குப் பயந்து ஆட்களின் பெயரில் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் மட்டும் போட்டு நடுவில் கோடு இழுத்துவிடுவார்கள். எந்தத் தேடலிலும் அது சிக்காது. அந்த ஆண்டு யார் அமைச்சர், யார் எதிரணி என்று தெரிந்திருந்தால் மட்டும் கோட்டை நிரப்பிக்கொள்ளலாம்.

இவ்வளவு சிரமத்துக்கும் என்ன பலன் என்றால், கவிஞர் தாமஸ் கிரே கல்லறைத் தோட்டத்தில் எழுதிய இரங்கற்பாவைச் சொல்வேன். என் தொகைநூலில் அது நாலு நாலு வரியாக, நடுவில் இடைவெளி விட்டு இருந்தது. 1751ஆம் ஆண்டின் முதல் பதிப்பைத் திறந்தால் இடைவெளியே கிடையாது. கவிதை மேலிருந்து கீழ்வரை ஒரே ஓட்டமாகப் போகிறது; புதுச் செய்யுள் தொடங்கும் வரி மட்டும் சற்று உள்ளே தள்ளியிருக்கிறது. காகிதத்தை மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு கிரேயின் கடிதங்களைப் படித்தபோதுதான் விஷயம் விளங்கியது. 1751 பிப்ரவரி 11 அன்று நண்பர் ஹொரஸ் வால்போலுக்கு எழுதுகிறார்: ஒரு பத்திரிகையை நடத்துபவர்கள் என் கவிதையை அச்சிடப்போவதாக எழுதியிருக்கிறார்கள், அதற்கு முன்னால் பதிப்பாளர் டாட்ஸ்லியிடம் சொல்லி உடனே அச்சிட வையுங்கள், என் பெயர் வேண்டாம், செய்யுள்களுக்கு நடுவில் இடைவெளி விடக் கூடாது, ஏனென்றால் சில இடங்களில் பொருள் ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தொடர்கிறது. நாலே நாளில், பிப்ரவரி 15 அன்று, ஆறு பென்ஸ் விலையில் அது வெளிவந்தது. கடிதத்தை ஒரு பக்கமும் முதல் பதிப்பை மறுபக்கமும் வைத்துப் பார்த்த அந்த இரவில், அந்தக் கவிதையை முதல் தடவையாகக் கேட்டதுபோல் இருந்தது. நிறுத்தாமல் வாசித்துப் பாருங்கள். மாலை இருள் விழுவது வேறு மாதிரி இருக்கும்.

அன்றிலிருந்து என் முறை இதுதான்: துண்டுநூலோ கவிதையோ, அது வெளிவந்த மாதத்தின் கடிதங்களோடு சேர்த்தே படிப்பது. 'கலிவரின் பயணங்கள்' எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட் இதற்கு மிகவும் தோதானவர். ஸ்பெயின் வாரிசுரிமைப் போரை முடிக்க வேண்டும் என்று வாதாடி 1711 நவம்பரில் பெயர் போடாமல் ஒரு துண்டுநூல் வெளியிட்டார். ஜனவரி முடிவதற்குள் 11,000 பிரதிகள் விற்றுவிட்டன. அதே நாட்களில் லண்டனிலிருந்து டப்ளினில் இருந்த எஸ்தர் ஜான்சனுக்கும் ரெபேக்கா டிங்லிக்கும் அன்றாடம் எழுதிய கடிதங்களில், அந்த நூல் எப்படிப் போகிறது, யார் என்ன சொல்கிறார்கள் என்று பூரிப்போடும் படபடப்போடும் குறிக்கிறார். துண்டுநூலில் கல் போல் பேசும் குரல், கடிதத்தில் மழலை பேசிக் கொஞ்சுகிறது. இரண்டையும் கேட்டால்தான் ஆள் முழுதாகத் தெரிகிறார்.

கடிதம் என்பதாலேயே நம்பிவிடவும் முடியாது. கவிஞர் அலெக்சாண்டர் போப் தன் கடிதங்களை வெளியிட்டபோது வாசகங்களைத் திருத்தினார். சிலவற்றை எழுதப்பட்டவர்களை விட்டு வேறு ஆட்களுக்கு எழுதியதாகவே மாற்றினார். அதனால் கடிதங்களுக்கு மட்டும் நல்ல ஆய்வுப் பதிப்பு வேண்டும். வால்போல் கடிதங்களின் யேல் பல்கலைக்கழகப் பதிப்பு 48 தொகுதிகள், இணையத்தில் இலவசம். அடிக்குறிப்புகளுக்காகவே அதைத் திறந்து வைத்திருக்கிறேன்.

ஸ்கேன்களின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மடித்து வைத்த படங்களையும் அட்டவணைகளையும் பிரிக்காமலே படம் எடுத்துவிடுகிறார்கள். நான் இறக்கிய ஒரு கோப்பில் பதினாறு பக்கமே காணோம். வேறொன்றில் பக்கத்தின் ஓரத்தில் யாருடைய விரலோ வரியை மறைத்துக்கொண்டிருந்தது. தரமான படங்கள் உள்ள கட்டணத் தளத்துக்குத் தனியாள் சந்தா தர வழியில்லை, பல்கலைக்கழக அடையாளம் கேட்கிறார்கள். ஆசையோடு படிக்கும் வெளியாட்களுக்கு அந்தக் கதவு பூட்டியிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அப்படியும் விடாமல் படித்ததில் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க் கிடைத்தார். ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி 1785 பிப்ரவரி 28 அன்று நாடாளுமன்றத்தில் பேசியதை அதே ஆண்டு அச்சிட்டு வெளியிட்டார். தொகைநூல்கள் ஹைதர் அலி படையெடுத்து வரும் பகுதியை மட்டும் எடுத்துப் போடுகின்றன. முழுதாகப் படித்தால் அதற்கப்புறம் வருவது நம் ஏரிகள்! மண்ணாலும் கல்லாலும் கட்டிய கரை, கட்டுமானம் செய்த மதகு, ஆண்டுதோறும் பராமரிக்க ஆகும் செலவு என்று விவரித்துக்கொண்டே போகிறார். கம்பெனிக்கு நவாப் கொடுத்த ஜாகிர் நிலத்தின் வரைபடத்தை வைத்துத் தாமே உட்கார்ந்து எண்ணியதாகவும், அதில் மட்டும் 1,100க்கு மேல் ஏரிகள் இருப்பதாகவும் சொல்கிறார். நவாபின் ஆட்சியில் இருந்த கர்நாடிக் பகுதியிலும் (இன்றைய கர்நாடக மாநிலம் அல்ல) தஞ்சாவூரிலும் சேர்த்துப் பெரியதும் நடுத்தரமுமாகப் பத்தாயிரத்துக்குக் குறையாது என்கிறார். இவற்றைக் கட்டியவர்களே உண்மையான அரசர்கள், பிறக்கப்போகும் சந்ததியையும் தம் பிள்ளைகளாக எண்ணியவர்கள் என்கிறார். பர்க் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஜாகிர் என்பது ஏறக்குறைய பழைய செங்கல்பட்டு மாவட்டம். என் ஊர் அங்கேதான். எங்கள் ஏரியையும் அவர் விரல் தொட்டு எண்ணியிருக்கும் என்று நினைத்தபோது மேலே படிக்க முடியவில்லை. டேப்லெட்டை மூடி வைத்துவிட்டேன்.

தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இந்த வழி ஒத்துவராது, நேரம் தின்னும். மற்றவர்கள் கிரேயின் 1751 பதிப்பிலிருந்து தொடங்குங்கள். சில பக்கங்கள்தான், ஒரே இரவில் முடியும். நீண்ட எஸ் பழக அதுவே போதும். பிப்ரவரி 11ஆம் தேதிக் கடிதத்தை மட்டும் மறக்காமல் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.