சி.சி.எம்.எஸ் மதிப்பீடு: சட்ட உதவி பில் எங்கே மாட்டிக்கொள்கிறது?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசுச் செலவில் சிவில் சட்ட உதவி வழக்கு எடுக்கும் எந்த சொலிசிட்டர் அலுவலகமும் சி.சி.எம்.எஸ்ஸை, அதாவது சட்ட உதவி வழக்குகளையும் அவற்றின் செலவையும் கையாளும் ஆன்லைன் அமைப்பை (கிளையன்ட் அண்ட் காஸ்ட் மேனேஜ்மென்ட் சிஸ்டம்), தவிர்க்க முடியாது. 2016 ஏப்ரலில் புது விண்ணப்பத்துக்கு இது கட்டாயமானது; அந்த வழக்கின் திருத்தமும் பில்லும் இங்கேதான். பிடிக்கவில்லை என்று வேறு இடம் பார்க்க வழியில்லாததால், இது எதைத் தடுக்கும், எதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டு பிறகு காலை வாரும் என்று தெரிந்து வைத்துக்கொள்வதுதான் உபயோகம்.

முழுமையாகவும் பிழையில்லாமலும் வந்த பில்களில் 95 சதவீதத்துக்கு 20 வேலை நாளுக்குள் பணம் என்பது, சட்ட உதவிப் பணத்தைக் கொடுக்கும் அரசு அமைப்பான லீகல் எய்ட் ஏஜென்சி தனக்கு வைத்திருக்கும் இலக்கு. குறை கண்டு திருப்பிய பில்லுக்கு அந்த 20 நாள் முதலில் இருந்து ஓடும். எனவே பணம் தாமதமாவது பெரும்பாலும் ஏஜென்சியின் மேசையில் அல்ல. பில் போடுவதற்கு மாதக்கணக்கில் முன்பே, கோப்பில்.

முதல் இடம் செலவு வரம்பு, அதாவது ஒரு வழக்குக்கு ஏஜென்சி அனுமதிக்கும் உச்சத் தொகை. சொலிசிட்டர் கட்டணம், பாரிஸ்டர் (நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞர்) கட்டணம், நிபுணர் செலவு மூன்றும் ஒரே வரம்புக்குள் அடங்க வேண்டும். வாட் (மதிப்புக் கூட்டு வரி) மட்டும் வெளியே. அதற்குள்ளேயே பாரிஸ்டருக்கு எவ்வளவு என்று திரையில் ஒதுக்கினால்தான் அவரால் கிளெய்ம் போட முடியும். வரம்பு 10,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். பாரிஸ்டருக்கு 4,000 ஒதுக்கியாயிற்று. உளவியலாளர் 15 மணி நேரம், மணிக்கு 93.60 வீதம் 1,404. உங்களுக்கு மிஞ்சுவது 4,596 மட்டுமே. பாரிஸ்டர் 2,500 தான் எடுத்தார் என்றாலும், மீதி 1,500ஐ நீங்களாகக் குறைத்து எடுக்காதவரை அது அவர் பெயரில்தான் கிடக்கும். வரம்பு நெருங்குகிறது என்று சி.சி.எம்.எஸ் குரல் கொடுக்காது. இதன் மிகப் பெரிய குறை இதுதான். முக்கால் பங்கு செலவானதுமே உங்கள் சொந்த மென்பொருளில் எச்சரிக்கை வரும்படி வையுங்கள். வரம்பைத் தாண்டுவதற்கு முன்பே அதை உயர்த்தும் திருத்தம் கேளுங்கள். தாண்டிய பின் கேட்டால் இடையில் செய்த வேலை அந்தரத்தில் நிற்கும்.

குடும்ப வழக்குகளில் அடுத்த பள்ளம் இ.எக்ஸ் 506, அதாவது விசாரணையில் வாதாடும் வழக்கறிஞரின் வருகைப் படிவம். கட்டணம் நேர அலகில் வருகிறது: ஒரு மணி நேரம் வரை முதல் அலகு, இரண்டரை மணி வரை இரண்டாவது. விசாரணைக்குக் குறித்த நேரத்திலிருந்தோ, பேச்சுவார்த்தைக்கு முன்னதாக வரச்சொல்லி நீதிமன்றம் சொன்ன நேரத்திலிருந்தோ கணக்கு தொடங்கும். 10:00 மணிக்குக் குறித்த வழக்கு 10:40க்குக் கூப்பிடப்பட்டு 11:30க்கு முடிந்தால் அது ஒன்றரை மணி, இரண்டாம் அலகு. படிவத்தில் யாராவது 10:40 என்று எழுதிவிட்டால் ஐம்பது நிமிடம், முதல் அலகு. ஆவணக் கட்டு 350, 700, 1,400 பக்கத்தைத் தாண்டும்போது கூடுதல் தொகை உண்டு. அந்தப் பக்க எண்ணிக்கையும் அன்றைக்கே படிவத்தில் ஏறி நீதிபதி உறுதிசெய்திருக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து நீதிமன்ற அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டால் கிடைப்பது பதில் அல்ல, வரிசை எண்.

நிபுணர் பில்லில் தவறு வேறு மாதிரி. 20 பவுண்டும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொரு வெளிச் செலவுக்கும் ரசீது இணைக்க வேண்டும். நான்கு தரப்பு பகிர்ந்துகொண்ட அறிக்கை என்றால் மொத்தத் தொகை, உங்கள் பங்கு இரண்டும் இன்வாய்ஸில் தெரிய வேண்டும். பங்கீட்டைச் சொல்லும் நீதிமன்ற உத்தரவையும் சேர்த்து ஏற்றுங்கள். மணிக் கட்டணம் சிவில் சட்ட உதவிக்கான 2013 ஊதிய விதிகளின் அட்டவணையைத் தாண்டினால் ஏஜென்சியின் முன் அனுமதி கட்டாயம். மொழிபெயர்ப்பாளருக்கு லண்டனில் 25 பவுண்டு, வெளியே 28. தலைகீழாகத் தோன்றினாலும் அட்டவணை அப்படித்தான். லண்டனில் 28க்கு ஆள் பிடித்துவிட்டு அனுமதி வாங்க மறந்தால், அந்த மூன்று பவுண்டு அலுவலகத்தின் பாக்கெட்டிலிருந்து போகும்.

நல்லதையும் சொல்ல வேண்டும். வழக்கு மேலாண்மை மென்பொருளிலிருந்து எக்ஸ்.எம்.எல் கோப்பாக பில்லை ஏற்றும் வசதி உருப்படியானது. வேலை நேரத்தைக் குறிக்கும் ஆறு நிமிட அலகுகளை வரி வரியாகக் கையால் அடிக்கும் அலுவலகங்கள் இன்னும் இருப்பது புரியாத விஷயம். முன்பண ஏற்பாடும் தாராளமானது: வழக்குக்கான சட்ட உதவிச் சான்றிதழ் கிடைத்து மூன்று மாதம் ஆனதும், 12 மாதத்தில் நான்கு முறை வரை, செய்த வேலையின் கட்டணத்தில் 80 சதவீதம் வாங்கலாம். வழக்கு முடியட்டும் என்று இதைக் கேட்காமலே இருந்துவிட்டு, காசு இல்லை என்று ஏஜென்சியைத் திட்டுவதில் அர்த்தமில்லை. காலண்டரில் தேதி போட்டு ஒருவர் பொறுப்பில் விட்டால் போதும்.

இறுதி பில்லுக்கு மூன்று மாத கெடு. அதற்குமுன் வழக்கின் முடிவை சி.சி.எம்.எஸ்ஸில் பதிவு செய்து, பாரிஸ்டர் தன் கிளெய்மை முடித்தாரா என்று கேட்டு, வாட் குறியீட்டை ஒவ்வொரு செலவிலும் பாருங்கள். பில் திரும்பி வந்தால் சொன்ன ஒரு குறையை மட்டும் திருத்தி அனுப்பாதீர்கள். முழுக்கப் பார்த்துவிட்டு அனுப்புங்கள், இல்லையேல் அடுத்த குறைக்காக இன்னொரு சுற்று. தவறு ஏஜென்சியுடையது என்றால் புது பில் போட வேண்டாம், அவர்களின் ‘கிளெய்ம் ஃபிக்ஸ்’ வழியே கேளுங்கள்.

நம்பகத்தன்மைக்கு மதிப்பெண் போட மனம் வரவில்லை. 2025 ஏப்ரலில் ஏஜென்சியின் கணினிகளில் சைபர் ஊடுருவல் தெரியவந்து, மே மாதம் ஏஜென்சியின் ஆன்லைன் சேவைகள் இழுத்து மூடப்பட்டன. அப்போது பழைய சராசரியைக் கணக்கிட்டு சிவில் அலுவலகங்களுக்குக் கொடுத்த இடைக்காலப் பணம், பிறகு பில்லில் கழித்துக்கொள்ளும் பணம். வருமானமாக எழுதியிருந்தால் கணக்குப் புத்தகத்தைத் திருத்துங்கள். அனுப்பும் ஒவ்வொரு பில், ரசீது, வரம்புத் திருத்தக் கடிதம், பாரிஸ்டர் ஒதுக்கீட்டுத் திரை ஆகியவற்றின் பி.டி.எஃப் நகல் சி.சி.எம்.எஸ்ஸுக்கு வெளியே, வழக்கு எண்ணின் பெயரில் உங்கள் சர்வரில் இருக்கட்டும்.