சான்றிதழா, கடிதமா? மாற்றுத்திறன் மாணவருக்கு இந்தியக் கல்லூரியும் அமெரிக்கக் கல்லூரியும்

மூன்று மணி நேரத் தேர்வு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பார்வைக் குறைபாடு உள்ள மாணவி அதை இந்தியாவில் எழுதினால் நான்கு மணி நேரம் கிடைக்க வேண்டும். மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தரச் சொன்னது மத்திய அரசின் 2018 ஆகஸ்ட் நெறிமுறை. அதே மாணவிக்கு அமெரிக்காவில் பெரும்பாலும் ஒன்றரை மடங்கு, அதாவது நாலரை மணி நேரம். சிலருக்கு இரண்டு மடங்கும் உண்டு. கடிகாரத்தை மட்டும் பார்த்தால் அரை மணி நேர வித்தியாசம், அவ்வளவுதான். அந்த நேரத்தை யார் தருகிறார், எதைப் பார்த்துத் தருகிறார், தேர்வில்லாத நாட்களில் என்ன நடக்கிறது என்று கேட்கும்போதுதான் இரண்டு ஊரும் இரண்டு திசையில் போகின்றன.

இந்தியாவில் எல்லாம் சான்றிதழில் தொடங்கும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. 1995 சட்டத்தில் இருந்தவை 7. ஆட்டிசம், டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடுகள், ரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபீலியா எல்லாம் இதில்தான் உள்ளே வந்தன. குறைபாடு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று மருத்துவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டால், அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகளில் 5 சதவீத இட ஒதுக்கீடு, வயது வரம்பில் 5 ஆண்டுத் தளர்வு என்று கதவுகள் வரிசையாகத் திறக்கும். அமெரிக்காவில் இந்த இட ஒதுக்கீடு கிடையாது. இது நம் பக்கம் உள்ள பெரிய லாபம், அதை யாரும் குறைத்துப் பேச வேண்டாம்.

சிக்கல் அந்த 40ல் இருந்தது. எழுதும்போது விரல்கள் இறுகிக்கொள்ளும் கோளாறு உள்ள ஒருவர், யுபிஎஸ்சி தேர்வுக்குச் சொல்வதை எழுதுபவர் வேண்டும் என்று கேட்டார், மறுத்தார்கள். விகாஷ் குமார் வழக்கு என்று அறியப்படும் அதில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: 40 சதவீதம் என்பது இட ஒதுக்கீடு போன்றவற்றுக்கான அளவு, எழுத முடியாதவருக்கு உதவியாளர் தருவதற்கு அதை நிபந்தனையாக்கக் கூடாது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் 40க்குக் கீழே உள்ளவர்களுக்கும் ஒரு நெறிமுறை வந்தது. ஆனால் கல்லூரி அலுவலகத்தில் இருக்கும் எழுத்தருக்குத் தீர்ப்பு தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லையே.

அமெரிக்காவில் சதவீதமே கிடையாது. 1973 மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவும் 1990ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டமும் கேட்பது ஒன்றுதான்: படிப்பது, நடப்பது, கவனம் செலுத்துவது போன்ற முக்கியமான செயல் எதையாவது இந்த உடல்நிலை கணிசமாகத் தடுக்கிறதா? பட்டியலில் பெயர் இருக்க வேண்டியதில்லை. நம் 21ல் சர்க்கரை நோய் இல்லை; அங்கே டைப் 1 சர்க்கரை நோய் உள்ள மாணவர் தேர்வுக்கு நடுவே எழுந்து போய்ச் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு வரலாம், அதுவரை கடிகாரத்தை நிறுத்தி வைப்பார்கள். கடுமையான ஒற்றைத் தலைவலி, மனச்சோர்வு, கவனக்குறைவுக் கோளாறு என்று வந்து வந்து போகிற, வெளியே தெரியாத பிரச்சினைகளுக்கு இந்த முறை வெகுவாகப் பொருந்துகிறது.

நடைமுறை இப்படி. மாணவர் தன் மருத்துவ ஆவணங்களை மாற்றுத்திறன் சேவை அலுவலகத்தில் கொடுப்பார். அவர்கள் உட்கார்ந்து பேசி ஒரு கடிதம் தருவார்கள்: இந்த மாணவருக்குத் தேர்வில் ஒன்றரை மடங்கு நேரம், இரைச்சல் இல்லாத அறை, வகுப்பைப் பதிவு செய்துகொள்ள அனுமதி, இந்த மாதிரி. என்ன நோய் என்று அதில் ஒரு வார்த்தை இருக்காது. பேராசிரியருக்கு அது தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. நம் ஊரில் எச்.ஓ.டி. முதல் அட்டெண்டர் வரை எல்லோருக்கும் ஃபைலைக் காட்டி நின்றவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இதைக் கேட்டதும் அங்கே மனிதர்கள் நல்லவர்கள், இங்கே கல் நெஞ்சக்காரர்கள் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அங்கே பாடத்தை நடத்துபவரே வினாத்தாளையும் எழுதுகிறார், திருத்துகிறார், மதிப்பெண் போடுகிறார். முதல் நாள் அவர் தரும் பாடத்திட்டத் தாளிலேயே வருகைக்கு என்ன விதி, தாமதமாகக் கொடுத்தால் எத்தனை மதிப்பெண் போகும், ஏஐ கருவிகளைப் பயன்படுத்தலாமா, கடிதம் உள்ளவர்கள் எப்போது வந்து பார்க்க வேண்டும் என்பதெல்லாம் இருக்கும். இங்கே இணைப்புக் கல்லூரி ஆசிரியருக்கு அந்த அதிகாரம் ஏது? செமஸ்டர் வினாத்தாள் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறது, திருத்துவது வேறு யாரோ. மாணவியை மூன்று வருடமாகத் தெரிந்த ஆசிரியை பத்து நிமிடம் கூடுதலாகத் தர நினைத்தாலும் இன்டர்னலில்தான் முடியும். தன்னாட்சிக் கல்லூரிகளில் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அதே வளாகத்தில் இருப்பதால் கொஞ்சம் பரவாயில்லை.

சொல்வதை எழுதுபவர் விஷயத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தேர்வர் தானே அழைத்து வரும் உதவியாளர் அவரைவிட ஒரு படி குறைவாகப் படித்திருக்க வேண்டும் என்றது 2018 நெறிமுறை. விடையை அவரே எழுதிவிடக் கூடாது என்ற பயம், நியாயம்தான். ஆனால் கணிதத் தேர்வில் இதன் பலனைக் கற்பனை செய்து பாருங்கள். “ரூட்டுக்குள்ள எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் நாலு, அது முழுசும் பை மூணு” என்கிறார் மாணவர். நாலு ரூட்டுக்கு உள்ளேயா வெளியேயா, மூன்றால் வகுப்பது எதை? எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டச் சொல்ல வேண்டும். தமிழ் இலக்கியத் தேர்வுக்குப் போதுமான அந்தக் கூடுதல் ஒரு மணி நேரம் இங்கே பாதித் தேர்விலேயே கரைந்துவிடும். பிரெயில், கணினி, பெரிய எழுத்துத் தாள், விடையைப் பேசிப் பதிவு செய்வது என்று எந்த முறையில் எழுதுவது என்பதைத் தேர்வரே முடிந்தவரை தேர்ந்தெடுக்கட்டும் என்றும் அதே நெறிமுறை சொன்னது. திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் ஸ்க்ரீன் ரீடரோடு கணினியில் எழுதத் தெரிந்தவர் அதையே கேட்டு வாங்குவது நல்லது என்பது என் கட்சி. அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் இதற்கென்றே தேர்வு மையம் இருக்கிறது.

சரி, ஒழுங்கு விதிகளுக்கு வருவோம். மேலே சொன்ன சட்டமெல்லாம் இங்கேதான் முட்டி நிற்கும். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் 75 சதவீத வருகை வேண்டும். மருத்துவமனை, விபத்து, குறிப்பிட்ட நோய், விளையாட்டு என்றால் சான்றிதழ் காட்டி 65 வரை இறங்கலாம். அதற்கும் கீழே போனால் தேர்வு எழுத முடியாது, அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும். மாதத்துக்கு இரண்டு வாரம் எழுந்திருக்க முடியாத மாணவருக்குக் கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. தேர்வு மண்டபத்தில் அவருக்கு எவ்வளவு சலுகை இருந்தும் என்ன, ஹால் டிக்கெட் வந்தால்தானே? அமெரிக்காவில் நாடு தழுவிய வருகை விதி இல்லை. மூன்று நாளுக்கு மேல் விடுப்பு எடுத்தால் கிரேடு குறையும் என்று பேராசிரியர் எழுதியிருந்தாலும், கடிதம் இருந்தால் அதை ஐந்தாக்கிப் பேசி முடிவு செய்யலாம். ஆய்வகம், மருத்துவப் பயிற்சி போன்ற இடங்களில் பாடத்தின் அடிப்படையே மாறிவிடும் என்று சொல்லி மறுக்கவும் சட்டம் இடம் தருகிறது.

காப்பி அடிப்பதில் இரண்டு ஊருக்கும் மனநிலை வேறு. இங்கே பறக்கும் படை, பிட்டு, மால்பிராக்டிஸ் விசாரணை. அங்கே சில பல்கலைக்கழகங்கள் மாணவரின் கையெழுத்தை நம்புகின்றன. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் நேர்மை விதி 1842லிருந்து வருகிறது, 2022 வரை அதை மீறினால் ஒரே தண்டனை, நிரந்தர வெளியேற்றம். மாற்றுத்திறன் மாணவருக்கு இதில் உள்ள ஆபத்து சின்னதாகத் தெரியும். சர்க்கரை நோய் உள்ளவர் உடம்பில் ஒட்டிய குளுக்கோஸ் சென்சார், சர்க்கரை அளவைக் காட்டுவது கைபேசியில். நம் தேர்வு மண்டபத்தில் கைபேசி என்றாலே மால்பிராக்டிஸ். முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்காமல் அதை உள்ளே கொண்டுபோகவே கூடாது. கடிதத்தில் அந்த ஒரு வரி இருந்தால் அமெரிக்க மாணவருக்கு இந்தப் பயமில்லை.

அமெரிக்காவின் குறைகளும் லேசானவை இல்லை. கேட்டால்தான் கிடைக்கும், பள்ளியில் தானாக வந்த உதவி கல்லூரியில் தானாக வராது. செமஸ்டர் நடுவே வரும் மிட்டெர்ம் தேர்வில் மதிப்பெண் போன பிறகு கடிதம் கொண்டுவந்தால் பழைய தேர்வுக்கு அது செல்லாது. கல்லூரி தரும் வசதிக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் கற்றல் குறைபாட்டுக்கான மதிப்பீட்டுச் செலவு மாணவர் தலையில், அது ஆயிரம் டாலரைத் தாண்டுவது சாதாரணம். 1974ஆம் ஆண்டின் கல்விப் பதிவுச் சட்டத்தால் மாணவரின் ஒப்புதல் இல்லாமல் கல்லூரி பொதுவாகப் பெற்றோரிடம் எதையும் சொல்லாது. சேலத்திலிருந்து அப்பா போன் போட்டு டீனிடம் பேசிவிடலாம் என்ற எண்ணம் அங்கே செல்லுபடியாகாது.

என் கணிப்பில், சான்றிதழில் ஏறும் நிலையான குறைபாடு உள்ளவருக்கு இங்கேயே சேர்க்கையும் எளிது, செலவும் குறைவு. சேரும்போதே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு விண்ணப்பம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஏறி இறங்கும் நோய் உள்ளவருக்கு, பணம் இருந்தால், அமெரிக்கா. அப்படிப் போகிறவர் எஃப்-1 என்ற மாணவர் விசாவின் விதியை மறக்கக் கூடாது. இளநிலை மாணவர் செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் எடுத்தாக வேண்டும். உடல்நிலையால் குறைக்க வேண்டியிருந்தால், பாடத்தைக் கைவிடுவதற்கு முன்பே மருத்துவர் கடிதத்தோடு கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். மாற்றுத்திறன் சேவை அலுவலகம் தந்த கடிதம் இதற்குப் போதாது.