ஆறு வருடச் சந்தாவும் ஒரு சிவப்பு நட்சத்திரமும்

போன வாரம் சித்தப்பா மகன் பெங்களூரிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினான்: "அண்ணா, நீ காசு கட்டுற அந்த வம்சாவளி சைட்டுல பாதி விலை ஆஃபர் போட்டிருக்கான், எடுத்துடட்டுமா?" ஒரே வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். நான் ஏழு வாய்ஸ் நோட் அனுப்பினேன். ஏழையும் கேட்டுவிட்டு, "சரிண்ணா, எடுக்கவா வேணாமா?" என்று மறுபடியும் கேட்டான். அவனுக்காகத்தான் இது.

பெயரைத் தட்டினால் கொடிவழி வரைந்து தரும், பழைய பதிவேடுகளில் தேடித் தரும், 'இவர் உங்கள் உறவினராக இருக்கலாம்' என்று தினம் ஒரு மெயில் அனுப்பும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். நான் சந்தா கட்டுவது 2019 முதல். எந்தத் தளம் என்று சொல்லப்போவதில்லை. இன்னும் இரண்டில் இலவச மாதம் எடுத்துப் பார்த்தேன். என்னை எரிச்சலாக்கும் விஷயம் அங்கேயும் அப்படியே இருந்தது.

புது ஆளைச் சேர்க்கும் படிவத்தில் 'கடைசிப் பெயர்' என்று ஒரு பெட்டி. பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். காலியாக விட்டால் மேலே போகவிடாது.

எங்கள் கொள்ளுத்தாத்தா ஆறுமுகம். தாத்தா ஆ. சின்னசாமி. அப்பா சி. கோவிந்தன். நான் கோ. போட்டு என் பெயர். நாலு தலைமுறை, மூன்று இனிஷியல். இதில் கடைசிப் பெயர் எது? அப்பாக்களின் பெயரைப் போட்டு நிரப்பினேன். உடனே தளம் எங்களை வெவ்வேறு குடும்பங்களாகப் பிரித்துவிட்டது. எனக்குக் 'கோவிந்தன் குடும்பத்தார்' முந்நூற்றுச் சொச்சம் பேரைக் காட்டியது, அதில் பாதிப் பேர் கேரளம். அப்பாவுக்குச் 'சின்னசாமி வம்சம்' தனியாக. அப்பாவும் நானும் சொந்தமா என்று அதற்கே சந்தேகம் வந்து, 'இந்த உறவைச் சரிபார்க்கவும்' என்று மஞ்சள் முக்கோணம் போட்டது. அந்த முக்கோணம் இன்னும் போகவில்லை.

தளத்தை மட்டும் திட்டிப் பயனில்லை, உலகமே இப்படித்தான் இருக்கிறது. 2022 நவம்பரில் சுற்றுலா விசாவுக்கு ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட் செல்லாது என்று அமீரகம் சொன்னபோது எங்கள் தெருவிலேயே இரண்டு பையன்கள் பாஸ்போர்ட்டைத் திருத்த ஓடினார்கள். ஆனால் விசா அலுவலகம் என் பூர்வீகத்தைச் சொல்லித்தருவதாக என்னிடம் பணம் வாங்கவில்லையே.

குடும்பப் பெயரின் பொருள் சொல்லும் தளங்கள் இன்னும் ஒரு படி மேலே. ஒன்றில் 'ஆறுமுகம்' என்று தட்டினேன். கேடயம், சிங்கம், மேலே இரும்புத் தலைக்கவசம் எல்லாம் போட்டு 'ஆறுமுகம் குலச்சின்னம்' வந்தது. காபி கோப்பையில் அச்சடித்தும் தருவார்களாம். ஆறு முகத்துக்கு ஒரே ஒரு தலைக்கவசம். வெள்ளைக்காரர்களுக்கே இது பொருந்தாது. லண்டனில் 1484 முதல் இருக்கும், குலச்சின்னங்களை வழங்குகிற காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் தெளிவாகச் சொல்கிறது: சின்னம் தனி ஆளுக்கும் அவர் வாரிசுகளுக்கும் வழங்கப்படுவது, ஒரு பெயர் கொண்ட எல்லாருக்கும் பொதுவானதல்ல. சின்னம் விற்கும் தளத்தைக் கண்டால் நான் இப்போது அங்கேயே மூடிவிடுகிறேன்.

தேடுதலுக்கு வருவோம். ஒலி ஒத்த பெயர்களைத் தேடப் பல தளங்களில் 'சவுண்டெக்ஸ்' என்றொரு முறை உண்டு. 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு மீதி மெய்யெழுத்துகளை எண்ணாக்கும். ஆங்கில ஸ்மித்துக்கும் ஸ்மைத்துக்கும் சரிதான். நம் தாத்தா சின்னசாமியை ஒரு குமாஸ்தா 'சி ஹெச்' போட்டு எழுதுவார், இன்னொருவர் 'எஸ்' போடுவார். எண் இரண்டுக்கும் 525தான், ஆனால் முதல் எழுத்து வேறு என்பதால் இருவரும் வேறு ஆள். கோவிந்தனும் அப்படியே: 'ஜி' என்றால் ஒருவர், 'கே' என்றால் இன்னொருவர். சகரமும் ககரமும் நம் வாயில் எப்படிப் புரளும் என்று அந்த முறைக்குத் தெரியாது. இந்த ஒன்றைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடச் சந்தா செலவானது.

நான் தேடியது தாத்தாவின் அண்ணன் முனிசாமியை. குடியாத்தம் பக்கத்திலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர், திரும்பவில்லை. சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று அங்குள்ள டர்பன் போய்ச் சேர்ந்தது. அதில் தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போனார்கள். மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாகப் போனவர்கள். அவர்களில் எத்தனை முனிசாமி இருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தளம் முதல் வருடமே ஒரு முனிசாமியைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. பதினான்கு குடும்ப மரங்களில் (மற்ற சந்தாதாரர்கள் போட்ட கொடிவழிகள்) இருக்கிறார், ஆகவே உறுதி என்றது. நானும் ஆடிப்போய் வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். பிறகு ஒவ்வொரு மரமாகத் திறந்து ஆதாரம் என்ன என்று பார்த்தேன். முதல் மரத்துக்கு ஆதாரம் இரண்டாவது மரம். இரண்டாவதுக்கு ஐந்தாவது. ஐந்தாவதுக்கு முதலாவது. நம் பாட்டிமார்கள் திண்ணையில் பேசிக்கொண்டதற்காவது ஒரு தொடக்கம் இருக்கும். அந்த முனிசாமி இரண்டு தடவை செத்திருந்தார், இரண்டாவது சாவுக்குப் பிறகு ஒரு மகள் வேறு. பெயர் ஒன்றாக இருந்த இரண்டு ஆட்களை யாரோ ஒருவர் ஒன்றாக்கிவிட்டார், மீதிப் பேர் பொத்தானை அமுக்கி நகலெடுத்துக்கொண்டார்கள்.

இது கணினி கொண்டுவந்த வியாதி என்று சொல்லவும் முடியாது. குஸ்தாவ் அஞ்சூ என்று ஒருவர் அமெரிக்கப் பணக்காரர்களுக்குப் பொய்யான வம்சாவளி தயாரித்துக் கொடுத்தே வாழ்ந்தார். 1942இல் இறந்துவிட்டார். அவர் கட்டிவிட்ட முன்னோர்கள் இன்றைக்கும் இணைய மரங்களில் உயிரோடு இருக்கிறார்கள்.

பிறந்த ஊரையும் பார்க்க வேண்டும். அந்த மரங்களில் முனிசாமி '1878, வேலூர் மாவட்டம், தமிழ்நாடு' என்று பிறந்திருந்தார். அன்றைக்கு அது சென்னை மாகாணத்தில் வட ஆற்காடு ஜில்லா. தமிழ்நாடு என்ற பெயர் மாநிலத்துக்கு 1969இல்தான் வந்தது. இன்றைய பெயரைப் போடுவது தப்பில்லை, தேட வசதிதான். ஆனால் பதிவேட்டைக் கண்ணால் பார்த்து எழுதியவர் 'வட ஆற்காடு' என்று ஓரிடத்திலாவது எழுதியிருப்பார். இவர்கள் கீழ்விரியும் பட்டியலில் கிடைத்ததைத் தட்டிவிட்டார்கள்.

கடைசியில் எனக்குக் கிடைத்தது கட்டணத் தளத்தில் அல்ல. டர்பனில் பல்கலைக்கழகத்துக்காரர்கள் அந்த ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பட்டியல்களைக் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறார்கள், இலவசம். தேடல் வசதி பெரிதாக ஒன்றுமில்லை. கட்டம் கட்டமாக வரிகள்: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா (போலீஸ் ஸ்டேஷன்), ஊர், உடம்பில் அடையாளம். கவனித்தீர்களா? கடைசிப் பெயர் என்று ஒரு கட்டமே இல்லை. தகப்பன் பெயர் என்று கேட்டிருக்கிறான்! நூற்றிச் சொச்சம் வருடத்துக்கு முந்தைய துரைத்தனத்துக் குமாஸ்தாவுக்கு இருந்த விவரம் இன்றைக்கு டாலரில் காசு வாங்குகிறவர்களுக்கு இல்லை. (அவனை ரொம்பப் புகழவும் வேண்டாம். ஓடிப்போனால் பிடிப்பதற்காகத்தான் அந்த அடையாளக் கட்டம்.)

ஒரு பொங்கல் விடுமுறையில் வரிவரியாக ஓட்டிக்கொண்டிருந்தேன். முனிசாமி, தகப்பன் ஆறுமுகம், வயது 22, வட ஆற்காடு, குடியாத்தம், எங்கள் ஊர்ப் பெயர் ஓர் எழுத்து பிசகி. கடைசிக் கட்டத்தில்: வலது முன்கையில் தழும்பு.

பாட்டி சொல்வாள். அவள் பார்த்ததில்லை, மாமியார் சொல்லிக் கேட்டது. வெல்லம் காய்ச்சுகிற கொட்டாயில் கொப்பரையிலிருந்து பாகு தெறித்துப் பெரியவருக்குக் கை வெந்துபோனதாம். எந்தக் கை என்று பாட்டி சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. அந்தப் பட்டியலில் ஏகப்பட்ட பேருக்குத் தழும்பு உண்டு என்பதும் தெரியும். இதை வைத்துக் கோர்ட்டுக்குப் போக முடியாது. ஆனாலும் லேப்டாப்பை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன்.

இப்போது கட்டணத் தளத்துக்கும் நியாயம் செய்துவிடுகிறேன். அந்த வரியை ஆதாரமாக ஏற்றி, இரண்டு தடவை செத்தவரை எங்கள் மரத்திலிருந்து வெட்டினேன். நாலு மாதம் கழித்து டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் தளம் வழியாகவே எழுதினார். அவர்கள் வீட்டுக் குடும்பப் பெயர் 'மூன்சாமி'. பாட்டன் முனிசாமியின் சொந்தப் பெயர் அது. பிள்ளைகளின் பிறப்பைப் பதியப் போனபோது அங்கே குடும்பப் பெயர் கேட்டிருக்கிறார்கள், தகப்பன் பெயரை எழுதிக்கொண்டார்கள், அதுவே நாலு தலைமுறைக்கு ஒட்டிக்கொண்டது. அந்த ஊரில் இன்னொரு தெருவில் இருக்கும் மூன்சாமிக்கும் இவர்களுக்கும் சம்பந்தமே இல்லை, வேறொரு முனிசாமியின் பேரன்கள். 'மூன்சாமி குலத்தின் வரலாறு' என்று விற்கிறார்களே, அவர்களிடம் இதைச் சொல்ல வேண்டும்.

அந்த அம்மா என்னை 'தம்பி' என்கிறார். என்னைவிட மூன்று வயது சின்னவர். திருத்தவில்லை, நன்றாகத்தான் இருக்கிறது. அவரிடம் பாட்டனின் ஒப்பந்த எண் எழுதின தாள் இருந்தது. என் பட்டியல் வரியில் இருந்த அதே எண். தழும்பை விட்டுத்தள்ளுங்கள், அந்த எண் போதும்.

டிஎன்ஏ பக்கம் நான் போகவில்லை. 2023இல், எச்சிலை வாங்கி டிஎன்ஏ சோதனை செய்து பூர்வீகம் சொல்லும் ட்வென்டித்ரீ அண்ட் மீ நிறுவனத்தில் சுமார் 69 லட்சம் பேரின் விவரம் கசிந்தது, 2025 மார்ச்சில் அது திவால் மனு கொடுத்தது. எச்சிலைக் கொடுத்தால் திருப்பி வாங்க முடியாது.

பெங்களூர்த் தம்பிக்கு இன்னொன்று. குலதெய்வக் கோயில் தலைக்கட்டு வரி நோட்டு பெரியப்பா வீட்டுப் பரணில் இருக்கிறது. அப்பன் பிள்ளை வரிசை மூன்று தலைமுறைக்கு அதில் சுத்தமாக உண்டு. பெண்கள் பெயர் ஒன்றுகூடக் கிடையாது, அந்தக் குறையை எந்தத் தளமும் தீர்த்துவைக்கவில்லை. சந்தா கட்டுமுன் அதைப் போட்டோ எடு, கரையான் அரித்துக்கொண்டிருக்கிறது.

ஆக, எடுக்காதே. பாதி விலையானாலும் எடுக்காதே, இலவசத்தில் கிடைப்பதையே முதலில் பார்த்து முடி. நான்? நேற்று ராத்திரி புதுப்பித்துவிட்டேன், அதுவும் முழு விலையில். பழைய சந்தாதாரர்களுக்கு ஆஃபர் கிடையாதாம். அந்த அம்மாவின் கடிதங்கள் எல்லாம் அந்தத் தளத்துக்குள் இருக்கின்றன.

பெட்டிக்கு மட்டும் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். கடைசிப் பெயரில் வெறும் ஒரு புள்ளி வைத்தால் சிவப்பு நட்சத்திரம் ஏற்றுக்கொள்கிறது. ஆறுமுகம் முதல் என் பேத்தி வரை எல்லாருக்கும் புள்ளி வைத்தேன். இன்று காலை மெயில் வந்திருக்கிறது: 'புள்ளி' குடும்பத்தைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்.